கணக்குத் தெரியாத தாதி

இறுதித் தேர்வு நெருங்கும்போது, எந்தப் பிரிவை எடுப்பது என்று தெரியாமல் தவிக்கும் தாதிப் பயிற்சி மாணவிகள் சிலர் இன்னும் என் வீட்டுக்கு வருகிறார்கள். "மிஸ்ஸி, நீங்க ஏன் ஆபரேஷன் தியேட்டர எடுத்தீங்க?" என்று கேட்பார்கள்; தாதியை இங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவது. பிடித்திருந்தது, எடுத்தேன் என்று சொல்லித் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவேன். அது பொய்யில்லை. ஆனால் முழுப் பதிலும் அதுவல்ல. என் காலத்தில் அந்தக் கேள்விக்கு வாய் திறந்து பதில் சொல்லவே பயமாக இருந்தது. ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

நான் பயிற்சியில் சேர்ந்தது வெள்ளைக்காரன் காலத்தில். பாதிப் பயிற்சியில் ஜப்பான்காரன் வந்துவிட்டான். ஜார்ஜ்டவுனில் குண்டு விழுந்த நாட்களில் காயம்பட்டவர்களைத் தரையில்கூடப் படுக்கவைக்க இடமில்லை. அப்போதே எங்கள் மேட்ரனும் வெள்ளைக்கார டாக்டர்களும் கப்பலேறிப் போய்விட்டார்கள். எங்களிடம் ஒருவரும் சொல்லிக்கொள்ளவில்லை. மிஞ்சியவர்களை வைத்து ஆஸ்பத்திரியை நடத்தியவர் ஒரு யுரேசியப் பெண். சிஸ்டர் என்றுதான் அவரைக் கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

முன்கட்டடத்தை ராணுவம் எடுத்துக்கொண்டது. ஊர் ஜனங்களுக்குப் பின்கட்டடம். ஆபரேஷன் தியேட்டர் ஒன்றே ஒன்று, அது ராணுவத்தின் பக்கம் மாட்டிக்கொண்டது. அங்கே வேலை செய்யும் தாதி காலையில் துப்பாக்கி முனையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும், மாலையில் அதைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். தெரேசா அக்கா அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார். என்னைவிடச் சில வயது மூத்தவர், தேர்ச்சி பெற்ற தாதி. காவல்காரன் முன் குனிந்து நிமிரும்போது அவர் உதடு அசைவதைப் பார்த்திருக்கிறேன். ஜெபம் சொல்கிறார் என்று நினைத்தேன். கேட்டபோது, "திட்டிக்கிட்டுப் போறேன் லா" என்றார்.

கடைசி வருடத்தில் இருந்தவர்களைச் சிஸ்டர் ஒருநாள் கூப்பிட்டார்.

"தியேட்டர், பிள்ளைப்பேறு, தொற்றுநோய். மூன்றில் ஒன்றைச் சொல்லுங்கள். இந்த வாரம் முடிவதற்குள் எனக்குத் தெரிய வேண்டும்."

சமாதான காலமாக இருந்தால் அன்றைக்கு விடுதியில் ஒரே கலகலப்பாக இருந்திருக்கும். நாங்களோ ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்தோம். பக்கத்துக் கட்டில் சூ லின் அன்றே முடிவு செய்துவிட்டாள், தொற்றுநோய் என்று. அவள் அண்ணனை முகமூடி போட்ட ஒருவன் தலையசைத்துக் காட்டிக்கொடுக்க, ஜப்பான்காரர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அதன் பிறகு பூட்ஸ் சத்தம் கேட்டாலே அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள். சிப்பாய்கள் தொற்றுநோய் வார்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. "டைபாய்டு வந்து செத்தாலும் பரவால்ல" என்றாள். மற்ற பெண்களும் அவள் பின்னாலேயே போனார்கள்.

எனக்குத் தியேட்டர்மேல் ஆசை. முதல் வருடத்தில் ஒரு குடல் அறுவையைப் பார்த்ததிலிருந்து அந்த ஆசை. சத்தமில்லாமல், ஒருவர் கை நீட்டுமுன் இன்னொருவர் கை வந்து நிற்பது எனக்கு அவ்வளவு அழகாகத் தெரிந்தது. டத்தோ கிராமாட்டில் எங்கள் வீடு. ஞாயிறன்று போனபோது மரவள்ளிக்கிழங்கைத் தட்டில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா அக்கரையில், பட்டர்வொர்த் ரயில் நிலையத்தில் கிளார்க்; தினமும் பெர்ரியில் கடலைத் தாண்டிப் போய்வருவார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எத்தனையோ வருடமாகியும் பேச்சு மாறாதவர். சாப்பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, நான் ஒண்டு சொல்லுறன், கேள். சுங்கை பாக்காப் பக்கத் தோட்டங்களிலை இருந்து சனத்தைக் கொண்டுவந்து சாமான் ஏத்துற ரயில் பெட்டியளிலை அடைக்கிறாங்கள். சயாமிலை ரயில் பாதை போட எண்டு சொல்லுறாங்கள். போற வண்டி நிறைஞ்சு போகுது. வாறது வெறுமையா வருது."

"அது கூலியாக்கள் அப்பா. நான் நேர்ஸ்."

"போன கிழமை, டொக்டருக்கு உதவியா நிக்கிற ஒரு டிரெசரை ஏத்தினவங்கள். ஆஸ்பத்திரிக் கோட்டோடை. ஓப்பரேசன் தெரிஞ்ச ஆள் எண்டபடியாத்தான் பிடிச்சவங்களாம்." அப்பா குரலைத் தாழ்த்தினார். "பிள்ளைப்பேறு எடு. பிள்ளை பெறுவிக்கிறவளை ஆமிக்காரன் சயாமுக்குக் கொண்டுபோக மாட்டான்."

அம்மா என் தட்டில் இன்னொரு துண்டுக் கிழங்கை வைத்தார். அவர் விரல் என் கையில் பட்டபோது சில்லென்று இருந்தது.

மறுநாள் சிஸ்டரிடம் பிள்ளைப்பேறு என்று சொன்னேன்.

"உனக்கு அது பிடிக்குமா?" என்று கேட்டார்.

"அங்கே பயமில்லை, சிஸ்டர்."

அவர் நோட்டில் என் பெயருக்கு எதிரே அதை எழுதிக்கொண்டார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். சில நாட்களில் தெரேசா அக்காவை மலேரியா படுக்கையில் தள்ளியது. கட்டில் ஆடும் அளவுக்குக் குளிர் நடுக்கம். அன்று காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்த ஒரு சிப்பாயைத் தூக்கிவந்தார்கள். குடல்வால் வெடித்துவிட்டது. சிஸ்டர் வார்டுக்கு வந்து சுற்றிப் பார்த்தார். தியேட்டரில் கொஞ்சமாவது நின்று பழகியவள் நான் ஒருத்திதான். "வா" என்றார்.

அறுவை செய்தவர் ராணுவ டாக்டர், காப்டன். அவர் சத்தம் போட்டுப் பேசி நாங்கள் கேட்டதில்லை. வாசலில், சரியாகக் குனியவில்லை என்று ஒரு தோட்டியைக் காதிலிருந்து ரத்தம் வரும்வரை காவல்காரன் அறைந்தபோது, இவர் பக்கத்தில் நின்று கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அந்தக் காவல்காரனைவிட இவரிடம்தான் அதிகப் பயம்.

தியேட்டர் கதவில் ஒரு சிப்பாய். சுவரோரம் மொழிபெயர்ப்பாளர், ஜப்பான் ஆட்சியில் இருந்த பார்மோசாத் தீவுக்காரர். எங்களிடம் மலாயில் பேசுவார். ரத்தம் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தபடி நிற்பார்.

அப்போது எங்களிடம் சரியான பஞ்சும் துணியும் கிடையாது. படுக்கை விரிப்புகளைக் கிழித்து, கொதிக்கவைத்து, ரத்தம் ஒற்றும் ஸ்வாப்பாக மறுபடி மறுபடி பயன்படுத்தினோம். ரத்தத்தில் ஊறினால் அது துணியா சதையா என்று கண்ணுக்குத் தெரியாது. கொடுத்ததை எண்ணுவதும் திரும்பி வந்ததை எண்ணுவதும் என் வேலை. காப்டன் வேகமாக வேலை செய்தார். சீழைத் துடைத்து எடுத்தார். வயிற்றை மூடித் தைக்கும் நேரம் வந்தது.

ஒரு ஸ்வாப் குறைந்தது.

மறுபடி எண்ணினேன். வாளிக்குள் பார்த்தேன். மேசைக்கு அடியில், என் காலடியில், அவர் காலடியில் பார்த்தேன். குறைந்தது குறைந்ததுதான்.

நோயாளியின் நன்மையை மட்டுமே அப்போது நினைத்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடாது. சும்மா இருந்துவிட்டால் என்ன என்றுதான் முதலில் நினைத்தேன். அவன் செத்தால் ஒரு சிப்பாய் குறைவான். சூ லினின் அண்ணனை லாரியில் ஏற்றியது இவனாகக்கூட இருக்கலாம். துணிக்கு வெளியே அவன் கால் தெரிந்தது. பாதம் முழுக்க வெடிப்பு. வயலில் வேலை செய்தவன் பாதம். நான் மொழிபெயர்ப்பாளர் பக்கம் திரும்பி, ஒரு ஸ்வாப் உள்ளே இருக்கிறது, டாக்டரிடம் சொல்லுங்கள் என்றேன்.

"டியாம், மிஸ்ஸி" என்றார் அவர், சுவரைப் பார்த்தபடியே. வாயை மூடு என்று அர்த்தம்.

"உள்ளே இருக்கு. மூடக்கூடாது."

"நான் சொல்ல மாட்டேன். நீ எண்ணினது தப்பா இருந்தா? என்னையும் சேத்துல்ல அடிப்பாங்க?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நான் எண்ணியது தப்பாக இருந்தால்? காய்ச்சல்காரியின் இடத்தில் அவசரத்துக்கு நின்ற மாணவி நான். எனக்கே என்மேல் முழு நம்பிக்கை இல்லை.

காப்டனின் கை என் முன்னால் நீண்டது. உள்ளங்கை மேலே பார்த்தபடி விரிந்திருந்தது. நூல் கோத்த ஊசி என் கையில் தயாராக இருந்தது. நான் கொடுக்கவில்லை.

அவர் கையை ஒருமுறை மடக்கி விரித்தார். நான் கொடுக்கவில்லை. மயக்கமருந்து சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்த டிரெசர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு உடனே குனிந்துகொண்டார். காப்டன் திரும்பினார். முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. வரிசையாக விரித்துவைத்திருந்த ஸ்வாப்களைக் காட்டினேன். கடைசியில் காலியாக இருந்த இடத்தைக் காட்டினேன். பிறகு அவன் வயிற்றைக் காட்டினேன்.

அவர் கத்தினார். என்ன சொன்னார் என்று இன்றுவரை தெரியாது. கதவருகே சிப்பாயின் பூட்ஸ் நகர்ந்தது. மேசையில் இடுப்பைச் சாய்த்து நின்றுகொண்டேன். ஊசியை மட்டும் கொடுக்கவில்லை.

காப்டன் கையை உள்ளே விட்டுத் தேடினார். ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் கதை முடிந்தது என்றே நினைத்தேன். பிறகு, ஏன் என்று தெரியவில்லை, மறுபடியும் கையை விட்டார். இந்த முறை ஆழமாக, குடலை மெதுவாக ஒதுக்கித் தேடினார். கை வெளியே வந்தபோது விரல்களுக்கிடையில் அந்தத் துணி தொங்கியது.

அதை வாளியில் போட்டார். கையை நீட்டினார். ஊசியைக் கொடுத்தேன்.

எல்லாம் முடிந்து வெளியே வந்ததும், நடைபாதையில் வைத்து என் கன்னத்தில் அறைந்தார். தொப்பி கழன்று விழுந்தது. மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ சொல்லிவிட்டு நடந்து போய்விட்டார். அந்த ஆள் என் தொப்பியை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார்.

"எல்லார் முன்னாலயும் அவரைக் காக்கவச்சதுக்கு அந்த அடி. நாளைலேருந்து நீ தியேட்டருக்கு வரணுமாம். தெரேசாவும் வரணும், நீயும் வரணும்."

கன்னம் எரிந்தது. அந்த எரிச்சலைவிட இந்தச் செய்திதான் என்னைக் கொன்றது. சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். நல்லது செய்தாய் என்று ஒரு வார்த்தை சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இனி அவன் உன்னை விடமாட்டான்" என்றார்.

அதற்கப்புறம் வந்த மாதங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தினமும் காலையில் குனிந்து, நிமிர்ந்து, உள்ளே போவேன். காப்டன் அதற்குப்பின் என்னை அடித்ததில்லை. ஒவ்வொரு அறுவையிலும் தைக்கும் முன் என்னைப் பார்ப்பார். நான் எண்ணி முடித்துத் தலையசைக்கும்வரை காத்திருப்பார். பிறகுதான் கை நீளும். உங்களில் சிலருக்கு இது பெருமையாகத் தோன்றலாம். எனக்குப் பயம்தான் கூடியது. வேண்டாத ஒருவனுக்கு நான் தேவைப்பட ஆரம்பித்துவிட்டேன். அப்பா வாரந்தோறும் வேலை முடிந்து பெர்ரியில் திரும்பும் வழியில் வந்து, ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே நின்று, நான் ஜன்னலில் தெரிகிறேனா என்று பார்த்துவிட்டுப் போவார். உள்ளே வர அவருக்குத் தைரியம் இல்லை. வெளியே போக எனக்கும்.

இறுதித் தேர்வை அந்த நிலைமையிலும் சிஸ்டர் நடத்தினார். நான் கருவித் தட்டு அடுக்கினேன், கட்டுப் போட்டேன், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். ஒன்றிலும் தடுமாறவில்லை. மறுநாள் மற்ற எல்லோரையும் தேறிவிட்டதாகச் சொல்லி, தேறிய தாதிக்கான புது பெல்ட்டைக் கொடுத்துவிட்டு, என்னை மட்டும் நிறுத்திவைத்தார்.

"நீ தேறவில்லை."

"எதில், சிஸ்டர்?"

"எல்லாவற்றிலும்."

"நான் எதைத் தப்பா செஞ்சேன்? சொல்லுங்க."

"போ. மாணவியின் பெல்ட்டையே கட்டிக்கொள்."

அழுதேன். சண்டை போட்டேன். கதவைத் திறந்துவிட்டார், அவ்வளவுதான். "சிஸ்டருக்கு மூளை குழம்பிப் போச்சா சரசு?" என்று தெரேசா அக்காவே வாய்விட்டுக் கேட்டார். சூ லின் புது பெல்ட்டோடு என் முன்னால் வரக் கூச்சப்பட்டு வேறு வழியாகச் சுற்றிப் போனாள். பல நாட்கள் நான் சிஸ்டரின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அவரும் ஒரு விளக்கமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அழுதிருக்க மாட்டேன், அது நடிப்பு என்று வெளியே தெரிந்திருக்கும் என்று பிறகுதான் புரிந்தது.

ஒருநாள் முற்பகலில் காப்டன் பின்கட்டடத்துக்கே வந்துவிட்டார். கூடவே மொழிபெயர்ப்பாளர், பின்னால் துப்பாக்கியோடு சிப்பாய்கள். எங்களை வராந்தாவில் வரிசையாக நிற்கவைத்தார்கள். படைப்பிரிவு வடக்கே போகிறதாம். தியேட்டர்த் தாதிகள் இருவரும் கூடப் போக வேண்டுமாம். தெரேசா அக்காவின் பெயரும் என் பெயரும் அந்த வாயில் எப்படியோ திரிந்து ஒலித்தன.

தெரேசா அக்கா என் பக்கத்தில்தான் நின்றார். அவர் விரல் என் விரலைத் தேடிப் பிடித்தது. அப்பா சொன்ன சாமான் பெட்டிதான் கண்ணில் நின்றது.

சிஸ்டர் காப்டன் முன்னால் போய் இடுப்பு வளைய வணங்கினார். நெடுநேரம் நிமிரவில்லை.

"தெரேசாவுக்கு மலேரியா விட்டுவிட்டு வருகிறது. வழியிலேயே விழுந்துவிடுவாள்."

மொழிபெயர்ப்பாளர் சொன்னார். பதில் வந்தது: வடக்கே எல்லோருக்கும் மலேரியாதான்.

சிஸ்டர் என் பக்கம் கையைக் காட்டினார். "இவள் தாதி இல்லை. மாணவி. தேர்வில் தோற்றவள். இவளை அனுப்பினால் எனக்குத்தான் அவமானம். இவளுக்கு ஒழுங்காக ஸ்வாப் எண்ணக்கூடத் தெரியாது."

யாரிடம் எதைச் சொல்கிறார்! ஒவ்வொரு வயிற்றையும் என் தலையசைப்புக்குக் காத்திருந்து மூடிய மனிதர் எதிரே நிற்கிறார். அன்றைக்குச் சுவரோரம் நின்ற ஆள்தான் இதை மொழிபெயர்க்க வேண்டும். அது பொய் என்று இருவருக்கும் தெரியும். பொய் சொன்னவர்களை அந்த நாட்களில் என்ன செய்தார்கள் என்று ஊருக்கே தெரியும்.

மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமினார். பிறகு ஜப்பானிய மொழியில் சொன்னார். காப்டன் என் இடுப்பில் இருந்த மாணவியின் பெல்ட்டைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்தவும் இல்லை, நிமிர்த்தவும் இல்லை, எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் சட்டைப் பொத்தானில் வைத்திருந்தேன். அவர் சிஸ்டரை நெடுநேரம் பார்த்தார். பிறகு சுருக்கமாக ஏதோ சொன்னார்.

"கணக்குத் தெரியாத தாதி ராணுவத்துக்கு வேண்டாமாம்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

காப்டன் சொன்னது அதுதானா, இல்லை இந்த ஆள் தானாகச் சேர்த்துச் சொன்னதா, எனக்குத் தெரியாது. இரண்டில் எதுவாக இருந்தாலும் அவர்கள் திரும்பிப் போனார்கள். தெரேசா அக்கா என் விரலை விட்டுவிட்டார்.

அவரை ஏற்றிய வண்டியை அப்பா பார்த்தார். மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே, தொப்பியோடு உட்கார்ந்திருந்தாராம். அப்பா குடிக்கத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். இவர் என் அப்பா என்று தெரிந்ததும், "சரசு தப்பிச்சாளா?" என்று கேட்டாராம். ஓம், தப்பிவிட்டாள் என்று சொன்ன அப்பா, வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார். தப்பித்தவள் நான், நானும் அன்று சாப்பிடவில்லை.

தெரேசா அக்காவை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று சிஸ்டரிடம் கேட்டேன். கோபத்தோடுதான் கேட்டேன்.

"அவள் எப்போதோ தேறிவிட்டாள்" என்றார். "தேறிவிட்டவளைத் தோற்கடிக்க எனக்கு வழி தெரியவில்லை, பெண்ணே."

தீர்மானம் என்பது எப்போதும் எல்லோரையும் காப்பாற்றும் என்று எண்ணிக்கொண்டு இந்த வேலைக்கு வராதீர்கள். கையில் இருக்கும் வழி ஒருத்திக்குத்தான் போதும் என்றால் அந்த ஒருத்தியைக் காப்பாற்ற வேண்டும். மற்றவளை நினைத்து வாழ்நாள் முழுக்கக் கலங்கவும் வேண்டும். சிஸ்டர் இரண்டையும் செய்தார்.

சண்டை முடிந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைபோல, எனக்கு இளையவர்களோடு உட்கார்ந்து மறுபடி தேர்வு எழுதினேன். தேறினேன். புதிதாக வந்த மேட்ரன், எந்தப் பிரிவு வேண்டும் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். என் முறைக்காக வராந்தா பெஞ்சில் காத்திருந்தபோது தெரேசா அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஆமாம், அவர் திரும்பி வந்துவிட்டார். பட்டர்வொர்த்தில் ரயிலை விட்டு இறங்கியவரை அப்பாவுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. மொட்டையடித்து முளைத்த முடி, கணுக்காலில் எலும்புவரை போய் ஆறிய புண். அப்பாதான் பெர்ரியில் கூட்டிவந்தார். சயாமைப் பற்றித் தெரேசா அக்கா அதுவரை யாரிடமும் பேசியதில்லை.

"என்ன சொல்லப் போற?" என்று கேட்டார்.

"தெரியலக்கா. முன்ன பிள்ளைப்பேறுன்னு சொல்லியிருந்தேன்."

"அது எனக்கு வேணும்." கைகளை மடியில் கோத்துக்கொண்டார். "அங்க சீழ் பிடிச்ச கால் காலா வெட்டினாங்க, சரசு. மயக்க மருந்தும் இல்ல ஒன்னும் இல்ல. நான் எடுத்துக் கொடுத்துக்கிட்டே இருந்தேன். இனிமே யாருக்கும் கத்தி எடுத்துக் கொடுக்க என்னால ஆகாது. எவ்வளவு கத்தினாலும் சரி, கடைசில ஒரு பிள்ள வெளிய வரணும் எனக்கு. நீ தியேட்டருக்குப் போ."

"எனக்குப் பயமா இருக்குக்கா. ஒருத்தர் கை நீட்டினாலே இப்பவும் எனக்கு உதறுது."

"உதறட்டும். பயப்படறவ ரெண்டு தரம் எண்ணுவா. நான் உள்ள படுத்திருந்தா எனக்கு அப்படி ஒருத்திதான் பக்கத்துல நிக்கணும்."

கதவு திறந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போய் நின்றேன். மேட்ரன் கேட்டார். தியேட்டர் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. காதில் விழவில்லை, உரக்கச் சொல் என்றார்.

உரக்கச் சொன்னேன்.